அறுபது நாள் அவகாசம்

ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக் குடுத்தீங்க பாருங்க, நல்லா இருப்பீங்க. வெயில் அடிக்குதேன்னு எல்லாரும் அந்தப் பக்கமா ஓடுறாங்க. நான் வெயிலுக்கு ஏங்கி வந்தவ. நான் இருக்கிற ஊர்ல ஏப்ரல் மாசத்துலயும் பனி கொட்டும். மினசோட்டா. அமெரிக்காவுல மேல, கனடாவை ஒட்டின மாநிலம். அங்க என்ன பண்றீங்கன்னு கேட்டீங்கல்ல? என் வயசுக்காரங்க எல்லாரும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிறேன்னு சொல்லுவாங்க. நான் கடை வச்சிருக்கேன். பார்சல் கடை. அது கையை விட்டுப் போகப் பார்த்துச்சு, போகலை. நீங்க இறங்குற காரியாபட்டி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடுறேன். எனக்கு அதிகமாப் பேசிப் பழக்கமில்லை.

என் பேரு செண்பகவல்லி. போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷ சர்வீஸ். சப் போஸ்ட்மாஸ்டரா ரிட்டயர் ஆனேன். மணியார்டர் ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அப்படியே திருப்பி நீட்டிருவேன். பின்கோடு இல்லையா? போய்க் கேட்டு எழுதிட்டு வா. பின்பக்கம் நிரப்பலையா? முழுசாப் படிச்சுட்டு வா. ஜனங்க என்னைக் கண்டா பயப்படுறாங்கன்னு எங்க ஆபீஸ் பியூன் சொல்லுவாரு. பயமெல்லாம் இல்லைங்க, மரியாதை.

எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்புறம் பையன் பாலமுருகன் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். போய் மூணு வருஷம் சும்மா உக்காந்திருந்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்து உத்தரவு போட்டவ, மருமகளோட அடுக்களையில தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். எது எங்க இருக்குன்னு தெரியாது. யாருக்கும் நான் தேவையில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியா பனியைப் பார்த்து அழுதிருக்கேன், சொல்றதுக்கென்ன வெக்கம்.

அப்பத்தான் இந்த ஃபிரான்சைஸ் விளம்பரம் வந்துச்சு. இங்க டீக்கடைக்கெல்லாம் வந்திருச்சே, அதேதான். போர்டு அவங்களோடது, பேரு அவங்களோடது, எப்படி நடத்தணும்ங்கிற முறை அவங்களோடது. வாடகையும் உழைப்பும் நம்மளோடது. கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன், இன்னும் அவங்க போர்டுதான் தொங்குது. ஜனங்க பார்சல் கொண்டு வருவாங்க, நாம பெட்டியில வச்சு ஒட்டி, எடை போட்டு அனுப்பணும். சொல்லுங்க, இது எனக்குன்னே செஞ்ச வேலையா இல்லையா? பி.எஃப். பணம் கொஞ்சம், பையன் கொஞ்சம், எடுத்துட்டோம்.

அக்ரிமெண்ட் வந்துச்சு. இருநூத்திப் பதினாலு பக்கம். என் மருமக சிந்துஜா, "அத்தை, நான் ஒரு தடவை படிச்சுடட்டுமா?"ன்னா. நான் வேண்டாம்னுட்டேன். அவ படிக்கிறது உங்களுக்குத் தெரியாது. ஷாம்பு பாட்டில்ல பின்னாடி பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, அதையெல்லாம் படிப்பா. ஒரு பாக்கெட் ரவை வாங்க அரை மணி நேரம். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல க்ளெய்ம் படிக்கிற வேலை, அந்தப் பழக்கம். நல்ல பொண்ணுதான். கொஞ்சம் மந்தம்.

நானே பென்சிலை வச்சுக்கிட்டு வரிவரியாப் படிச்சேன். நூத்தி எண்பத்தெட்டுப் பக்கம் படிச்சேன். நூத்தி எண்பத்தொன்பதைத் திருப்பினா, மேல கொட்டை எழுத்துல 'கலிபோர்னியா'ன்னு போட்டிருக்கு. சரி, இது அந்த மாநிலத்துக்காரங்களுக்கு உள்ளது, கவனக்குறைவா நம்ம கட்டுல சேர்ந்துருச்சுன்னு நினைச்சேன். ஏங்க, ஊர் மாறி வந்த தபாலைப் பிரிச்சுப் பார்க்கலாமா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை செஞ்சிருப்பேனா? அந்த மிச்சப் பக்கத்தையெல்லாம் தனியா எடுத்து, காடாத்துணியில சுத்தித் தைச்சு, அரக்கு சீல் வச்சு, என் பீரோ மேல வச்சுட்டேன். கேட்டா திருப்பி அனுப்பலாம்னு.

இருங்க இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. முடிச்சுடுறேன்.

கடை திறந்தாச்சு. அவங்க முறைன்னா என்ன, அட்டைப்பெட்டி, மேல ஒட்டுற டேப். அவ்வளவுதான். டேப்பை நம்பி ஒரு பார்சலை எப்படிங்க அனுப்புறது? முதல் மாசம் இங்க்ரிட்னு ஒரு அம்மா வந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு. துண்டுத் துணி ஒட்டுப்போட்டு அவங்களே தைச்ச போர்வை ஒண்ணு, நார்வேயில இருக்கிற மகளுக்கு. எட்டு மாச வேலையாம். எனக்கு மனசு கேக்கலை. ஊர்ல இருந்து கொண்டு போன காடாத்துணியை எடுத்து, பெட்டியைச் சுத்திப் போர்த்தி, நாலு பக்கமும் தைச்சு, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு வச்சு, அட்ரஸை மை தொட்டு என் கையால எழுதினேன். அந்தம்மா தடவித் தடவிப் பார்க்குறாங்க. கண்ணுல தண்ணி. அடுத்த வாரம் அவங்க சர்ச்சுல போர்வை தைக்கிற பதினேழு பேரும் என் கடை வாசல்ல. அப்புறம் சோமாலியாக்காரங்க, நம்ம தெலுங்குக்காரங்க, எல்லாரும் "தைச்சுக் குடுங்க, தைச்சுக் குடுங்க"ங்கிறாங்க. ஃபாரத்துல அவங்க கையெழுத்து கோணலா இருந்தா மட்டும் திருப்பி எழுதச் சொல்லுவேன். மத்தபடி நான் தங்கமா நடந்துக்குவேன்.

ஜனவரியில டெரக்னு ஒருத்தர் வந்தாரு. கம்பெனியோட இன்ஸ்பெக்டர் மாதிரி. நல்ல உயரம், சிரிச்ச முகம். உள்ள வந்தவர் சிரிப்பை நிறுத்திட்டாரு. கடை முழுக்க வெள்ளை மூட்டை அடுக்கியிருக்கு. "எங்க பெட்டி எங்க?"ன்னாரு. உள்ள இருக்குன்னேன். "எங்க பேரு எங்க?"ன்னாரு. அதுவும் உள்ளதான் இருக்கு, பத்திரமா இருக்குன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவர் போட்டோ எடுத்தாரு. எனக்கு ஏதோ சர்டிபிகேட் குடுக்கப் போறாங்கன்னு நினைச்சு, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு நானும் ஒரு போட்டோவுக்கு நின்னேன்.

பத்து நாள்ல நோட்டீஸ் வந்துச்சு. கம்பெனி பேரைத் துணி போட்டு மறைச்சது ஒப்பந்த மீறல். இன்னும் பத்து நாள்ல போர்டைக் கழட்டணும், சாவியைக் குடுக்கணும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு அந்தச் சுத்துவட்டாரத்துல பார்சல் தொழில் பண்ணக் கூடாது. வழக்குப் போடணுமா? டென்னஸியில அவங்க ஊர்க் கோர்ட்டுல, அவங்க ஊர்ச் சட்டப்படிதான் போடணும். எல்லாம் நான் பென்சில்ல கோடு போட்டுப் படிச்ச ஷரத்துதான். தொண்ணூத்தோராம் பக்கம். கையெழுத்து என்னோடது.

கையும் ஓடலை, காலும் ஓடலை. என்னைக்குமே ரூலை மீறாதவ நான். ரூல்படி என்னை வெளிய அனுப்புறாங்க. யாரைப் போய்த் திட்ட? திரும்ப அந்த ஜன்னல், அந்தப் பனி, கையில தட்டு. பையன், "விடும்மா, போனாப் போகுது. நீ வீட்டுல நிம்மதியா இரு"ன்னான். நிம்மதின்னா என்னன்னு அவனுக்குத் தெரியலை.

கண்டக்டர் தம்பி, ஒரு அருப்புக்கோட்டை. இவங்களுக்கு... நீங்க எடுத்துட்டீங்களா? சரி சரி.

சனிக்கிழமை மத்தியானம். சிந்துஜா என் ரூமுக்கு வந்தா. "அத்தை, அக்ரிமெண்ட்டைக் குடுங்க." குடுத்தேன். உக்காந்து படிக்க ஆரம்பிச்சுட்டா. அந்த ரவைப் பாக்கெட் மாதிரியேதான். கடைசியில, "நூத்தி எண்பத்தெட்டோட நிக்குதே. மீதி எங்க?"ன்னா.

"அது வேற ஊருக்கு உள்ளது. பத்திரமா வச்சிருக்கேன்"னு பீரோ மேல காட்டினேன்.

அவ அந்த மூட்டையை ஒரு நிமிஷம் பார்த்தா. என்னை ஒரு நிமிஷம் பார்த்தா. போய்க் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா.

"சீல் வச்சதைப் பிரிக்க ரெண்டு சாட்சி வேணும்"னேன்.

"அத்தை..."

"ரூல்மா."

பாலமுருகனைக் கூப்பிட்டு நிக்க வச்சோம். அவன் ஒண்ணு, நான் ஒண்ணு. அவ பிரிச்சா. கலிபோர்னியா, ஹவாய், இல்லினாய், இண்டியானா, மேரிலாண்ட், அப்புறம் பார்த்தா மினசோட்டா! எங்க ஊர்தான்! ஆறாவது பேரு. அகரவரிசையில போட்டிருந்தாங்க பாவிங்க. ரெண்டே பக்கம்.

அதுல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. முன்னாடி நூத்தி எண்பத்தெட்டுப் பக்கத்துல என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்த மாநிலத்துச் சட்டத்துக்கு முரண்பட்டா, அது இங்க செல்லாது. கடையை எடுக்கணும்னா தொண்ணூறு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். அதுல அறுபது நாள், தப்பைத் திருத்திக்க அவகாசம். திருத்திட்டா எடுக்க முடியாது. வழக்குக்கு வெளி மாநிலத்துக்கு வான்னு கட்டாயப்படுத்தக் கூடாது. இன்னும் ஒண்ணு சொன்னா சிந்துஜா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "இந்தச் சட்டம் எனக்கு வேண்டாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது, அத்தை."

எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு போஸ்ட்மாஸ்டரும் தன் ஆபீஸ்ல ஒரு ரூல் போடலாம். மூணு மணிக்கு மேல ரிஜிஸ்டர் தபால் வாங்கமாட்டேன்னு போர்டு கூட மாட்டலாம். டிபார்ட்மெண்ட் ரூல் நாலு மணின்னா நாலு மணிதான். ஜனங்க ஒத்துக்கிட்டாங்கன்னு நம்ம போர்டு ஜெயிச்சிருமா? எனக்கு இதெல்லாம் அத்துப்படி. சிந்துஜாவுக்குத்தான் நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்துச்சு. அவளும் பொறுமையாக் கேட்டுக்கிட்டா.

என் பையன் கேட்டான், "அவங்க அக்ரிமெண்ட்டுலயே அவங்களுக்கு விரோதமா எதுக்கு எழுதி வைக்கிறாங்க?"ன்னு. இந்த மாநிலத்துல ஃபிரான்சைஸ் விக்கணும்னா அதை எழுதி வச்சுத்தான் ஆகணும், அரசாங்கம் விடாதுன்னா அவ. கடைசியில வச்சா யாரும் படிக்கமாட்டாங்கன்னு ஒரு தைரியம். படிக்காத ஜனங்க இருக்காங்கங்க. என்ன செய்யுறது.

சிந்துஜா கடுதாசி எழுதினா. ஒரே பக்கம். ஒரு திட்டு இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. இன்ன ஷரத்து, இன்ன சட்டம், உங்க பத்து நாள் செல்லாது, அறுபது நாள் தர்றீங்களா இல்லை மாநில வணிகத் துறைக்கு எழுதட்டுமா. அவ்வளவுதான். ஆனா அதை ரிஜிஸ்டர் தபால்ல, ஒப்புகை அட்டையோட அனுப்பினது யாரு? நான். அவ ஈமெயில்ல போடுறேன்னா. நான் விடலை. அந்த அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்ததுதான் கேஸே ஜெயிச்சதுக்குக் காரணம்னு இன்னைக்கும் நான் சொல்லுவேன். அவ சிரிப்பா.

பதில் வந்துச்சு. மன்னிப்பெல்லாம் இல்லை. கவனத்துக்குக் கொண்டுவந்ததுக்கு நன்றி, அறுபது நாளைக்குள்ள திருத்திக்கங்க. நான் கடுதாசியைப் படிச்சுட்டு கடையிலயே ஒரு குதி குதிச்சேன். அறுபத்து மூணு வயசுல. இங்க்ரிட் அம்மா பார்த்து, அவங்களும் சேர்ந்து கைதட்டினாங்க.

திருத்தணும்ல? அதுலதான் சங்கடம். தைக்கிறதை விட எனக்கு மனசு வரலை. சிந்துஜா முதல் நாளே சொன்னா, "அத்தை, துணியை உள்ள, சாமானைச் சுத்தித் தைங்க. அதைத் தூக்கி அவங்க பெட்டிக்குள்ள வைங்க. பேரு வெளிய தெரியும், பார்சலும் பத்திரம்." எனக்குக் கோபம் வந்துருச்சு. உள்ள வச்சுத் தைச்சா என் தையலை யார் பார்க்குறது? ஐம்பத்தெட்டு நாள் அவகூட முகம் குடுத்துப் பேசலை. ஐம்பத்தெட்டாம் நாள் காலையில பல் விளக்கும்போது எனக்கே ஒரு யோசனை வந்துச்சு: துணியை உள்ள தைச்சா என்ன? பெட்டியைத் திறக்கிறவங்களுக்கு உள்ள ஒரு ஆச்சரியம் இருக்குமே! ஓடிப்போய் அவகிட்ட சொன்னேன். "ரொம்ப நல்ல யோசனை அத்தை"ன்னா. நல்ல விஷயத்தை உடனே ஒத்துக்குவா, அந்தக் குணம் அவகிட்ட உண்டு.

அறுபதாம் நாள் டெரக் வந்தாரு. எல்லாம் அட்டைப்பெட்டி, எல்லாத்துலயும் அவங்க பேரு. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாரு. உள்ள வெள்ளைத் துணி, சிவப்பு அரக்கு. தையலை விரலால தடவிப் பார்த்தாரு. அப்புறம் ஃபாரத்துல டிக் போட்டுட்டு, தன்னோட அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பணும், தைச்சுத் தர முடியுமான்னு கேட்டாரு. அட்ரஸ் கையெழுத்து மோசம். ரெண்டு தடவை திருப்பி எழுத வச்சேன்.

போகும்போது, கடுதாசி எழுதினது யாருன்னு கேட்டாரு. என் மருமகதான்னேன். அடுத்த மாசம் கம்பெனியில இருந்து தகவல் வருது, அவங்களையும் ஓனரா சேர்த்துக்குங்க, இனிமே கடிதப் போக்குவரத்தெல்லாம் அவங்களோட வச்சுக்கிறோம்னு. எனக்கு வயசாச்சுல்ல, சிரமப்படுத்த வேண்டாம்னு நினைச்சிருக்காங்க. சேர்த்துட்டேன். பாதிக்குப் பாதி. இன்சூரன்ஸ் வேலையை விட்டுட்டு அவளும் கடைக்கே வந்துட்டா.

ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் அவளே சொன்னா, "அத்தை, ஊருக்குப் போயிட்டு வாங்க. கடையை நான் பார்த்துக்கிறேன்." டிக்கெட்டும் அவளே எடுத்தா. ஏர்போர்ட்டுல என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கையில ஒரு கவரைக் குடுத்தா. "நிதானமாப் படிங்க. முழுசாப் படிங்க"ன்னா. வழிச்செலவுக்கு ஏதாவது வச்சிருப்பாள்னு நினைச்சேன்.

பிளேன்ல பிரிச்சேன். ஒரு தாள், டைப் அடிச்சது. 'அன்புள்ள அத்தைக்கு'ன்னு ஆரம்பிச்சு, ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு. கையெழுத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பெட்டிக்குள்ள என்னன்னு கேக்கலாம், 'இதைப் போயா அனுப்புறே?'ன்னு கேக்கக் கூடாது. கியூவுல நிக்கிறவங்களைக் குழந்தைகளை அதட்டுற மாதிரி அதட்டக் கூடாது. வீட்டுல மாவு அரைச்சா, அரைச்சவங்க முன்னாடியே அதை மறுபடி அரைக்கக் கூடாது. பதினோரு பேர் வேற கடைக்குப் போயிட்டாங்களாம், அத்தைகிட்ட பயமா இருக்குன்னு. பேரோட எழுதியிருக்கா.

சுருக்குன்னு தைச்சிருச்சுங்க. அழுதேன், பொய் சொல்லலை. பக்கத்து சீட்டுப் பொண்ணு தண்ணி வாங்கிக் குடுத்துச்சு. முப்பத்தோரு வருஷமா மரியாதைன்னு நினைச்சேனே, அது பயம்தானான்னு இருந்துச்சு. திரும்பிப் போகவே கூடாதுன்னு கூட நினைச்சேன். அப்புறம் ரிட்டர்ன் டிக்கெட்டை எடுத்துத் தேதியை எண்ணிப் பார்த்தேன்.

சரியா அறுபது நாள்.

அவ பாதி ஓனர். கம்பெனி அவ பக்கம், என் பையன் அவ பக்கம். பேசாம வீட்டுல இருங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? சொல்லலைங்க. மாமியார் மருமகளுக்கு நடுவுல எந்தச் சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்தலை. அவளா குடுத்திருக்கா. திருத்திக்கிட்டு வா, உன் நாற்காலி இருக்குங்கிறா. இப்படி ஒருத்தியை மந்தம்னு சொன்னேனே, என் வாயில மண்ணைத்தான் போடணும்.

திருத்திக்குவேன். நான் எடுத்தா முடிக்காம விட்டதில்லை. இன்னைக்குப் பதினோராம் நாள். ஒவ்வொண்ணா டிக் போட்டுக்கிட்டு வர்றேன். நேத்து தங்கச்சி வீட்டுல மாவு கொரகொரன்னு இருந்துச்சு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அடுத்தது அஞ்சாவது. என்னமோ போட்டிருந்தாளே, இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்... ஆங். 'எதிர்ல இருக்கிறவங்களையும் கொஞ்சம் பேச விடணும்.'

அடடா. உங்க பேரைக்கூட நான் கேக்கலையே. சொல்லுங்க, நான் வாயே திறக்கலை. உங்க பேரு என்ன, எந்த ஊரு, காரியாபட்டிக்கு என்ன வேலையாப் போறீங்க?

ஏன் எந்திரிக்கிறீங்க? காரியாபட்டி வந்துருச்சா?

பரவாயில்லை, இறங்குங்க, பார்த்து இறங்குங்க. இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கு.